பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்: ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை மீட்கும் வழி

பரண் மேலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பழைய சிபியு பெட்டி தூசி படிந்து கிடக்கும் வீடுகள் சேலத்தில் நிறைய. பிள்ளைகள் படிப்புக்காக வாங்கியது. முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள் அதில்தான் இருக்கும். ஆடியில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில் எடுத்தது, ஏற்காடு போனபோது படகுத் துறையில் எடுத்தது, இப்போது இல்லாத பாட்டி சிரிக்கிற ஒரே படம், செவ்வாய்ப்பேட்டைக் கடையின் பழைய டேலி கணக்கு, அக்காவின் ஆய்வேடு எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு நாள் பட்டனை அழுத்தியபோது ஆன் ஆகவில்லை. "போச்சு" என்று சொல்லி ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்கள்.

பெரும்பாலான வீடுகளில் உண்மையில் எதுவும் போகவில்லை. கெட்டது கம்ப்யூட்டர், டிஸ்க் அல்ல. மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் எரிந்திருக்கலாம். மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கலாம். ராம் என்ற நினைவகப் பட்டை சரியாக உட்காராமல் இருக்கலாம். இவற்றில் எது கெட்டாலும் திரை கறுப்பாகத்தான் நிற்கும். ஆனால் படங்களும் கணக்கும் இருப்பது ஹார்டு டிஸ்க் என்ற தனி உலோகப் பெட்டிக்குள். அதைக் கழற்றி, ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து மாட்டினால் பென் டிரைவைத் திறப்பது மாதிரி திறந்துவிடலாம்.

நான் பார்த்தவரையில், டிஸ்க் தானாகக் கெட்டுப்போய் இழந்தவர்களைவிட அவசரத்தில் இழந்தவர்களே அதிகம். "விண்டோஸ் மறுபடி போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, இவர்கள் சரி என்று தலையாட்ட, சி டிரைவில் இருந்த அத்தனையும் துடைக்கப்பட்டுவிடும். அல்லது திரையில் வந்த கேள்வியைப் படிக்காமலே 'ஓகே' அழுத்தியிருப்பார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வேன்: பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், அதிலிருந்து எடுக்க மட்டும் செய்யுங்கள். முதலில் முழுதாக நகல். பிரிப்பது, தேடுவது, அழிப்பது எல்லாம் அப்புறம், அந்த நகலில்.

எந்த வகை டிஸ்க், என்ன வாங்க வேண்டும்

கடைக்குப் போகும் முன் டிஸ்க்கின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது சுமார் 10 செ.மீ. அகலம், 3.5 அங்குல டிஸ்க் என்பார்கள். லேப்டாப்பில் இருப்பது சுமார் 7 செ.மீ. அகலம், அது 2.5 அங்குலம். இது அளவு. அடுத்தது, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வரிசையாக நிறைய ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்து, அகலமான பட்டை ஒயர் மாட்டியிருந்தால் அது ஐடிஇ வகை. ஊசியே இல்லாமல் 'எல்' வடிவத்தில் இரண்டு தட்டையான இடங்கள் மட்டும் இருந்தால் அது சாட்டா. சாட்டா 2003 வாக்கில் வந்தது. அதற்கு முன் வாங்கிய பெட்டி என்றால் ஐடிஇதான். அதற்குப் பின் சில வருடங்கள் இரண்டும் கலந்து விற்றன. அதனால் வாங்கிய வருடத்தை வைத்து ஊகிக்காமல் கழற்றிப் பார்த்துவிடுவதே நல்லது.

சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்ட ஒரு சிறிய ஒயர் அடாப்டர் கிடைக்கும். லேப்டாப் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், அதை யூஎஸ்பி போர்ட்டே கொடுத்துவிடும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் சுவரில் செருகும் தனி பவர் அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதைக் கவனிக்காமல் வாங்கி, மாட்டிப் பார்த்து, டிஸ்க் சுற்றவில்லை என்றதும் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். ஐடிஇ டிஸ்க் என்றால் 'யூஎஸ்பி டு ஐடிஇ, சாட்டா' என்று இரண்டும் சேர்ந்த அடாப்டராகக் கேளுங்கள். அதில் டெஸ்க்டாப் ஐடிஇக்கு 40 ஊசி, லேப்டாப் ஐடிஇக்கு 44 ஊசி, சாட்டா மூன்றுக்கும் இடம் இருக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலத்துக்கு இறங்கும்போது கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் வாங்கி வருவது சுலபம்.

கூடவே நகல் எடுத்து வைக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வேண்டும். அந்தக் காலத்து டிஸ்க்குகள் 40, 80, 160 ஜிபி அளவுதான். இன்றைய 1 டிபி டிஸ்க்கில் வீட்டில் உள்ள எல்லாப் பழைய டிஸ்க்குகளும் அடங்கிவிடும்.

கழற்றுவது

மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பக்கவாட்டுத் தகட்டை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். தகட்டைக் கழற்றியதும் பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் டிஸ்க்கின் பச்சை மின்சுற்றுப் பலகையில் இறங்காமல் இருக்கத்தான் இது.

எதையும் பிடுங்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை ஒயரை ஒயரில் பிடித்து இழுக்கக் கூடாது. நுனியில் உள்ள பிளாஸ்டிக் தலையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஊசி ஒன்று வளைந்தாலும் பிறகு தொல்லை. டிஸ்க்கை இரண்டு பக்கமும் ஸ்க்ரூ பிடித்திருக்கும். இரண்டாவது பக்கத்து ஸ்க்ரூவுக்காக இன்னொரு தகட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். சோம்பல்படாமல் கழற்றுங்கள், நெம்பி எடுக்க வேண்டாம்.

ஐடிஇ டிஸ்க்கின் பின்பக்கத்தில் ஒயர் ஊசிகளுக்குப் பக்கத்தில் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது எந்த இடத்தில் இருந்தால் 'மாஸ்டர்', எதில் இருந்தால் 'ஸ்லேவ்' என்பது டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளிலேயே அச்சாகியிருக்கும். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டும்போது மாஸ்டரில் வையுங்கள்.

பழைய லேப்டாப்புகளில் அடிப்பக்கத்து மூடியைத் திறந்தால் டிஸ்க் தெரியும். புதிய, மெலிதான லேப்டாப் என்றால் உள்ளே சூயிங்கம் பட்டை அளவில், சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் ஒரு எஸ்எஸ்டி இருக்கலாம். அதற்கு வேறு அடாப்டர். எஸ்எஸ்டி வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடந்தால் உள்ளே இருப்பது மங்கத் தொடங்கும். ஹார்டு டிஸ்க்கைப் போல அதைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

மலையில் இருந்த பெட்டி என்றால்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். எஸ்டேட் வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் சுவரே ஈரம் கசியும். அப்படிப்பட்ட அறையில் வருடக்கணக்கில் இருந்த டிஸ்க்கைச் சேலத்து டிஸ்க் மாதிரி உடனே ஓட்டிப் பார்ப்பது தவறு. ஹார்டு டிஸ்க் காற்றுப்புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு டிஸ்க்குகள் அநேகமாக எல்லாவற்றிலும் காற்று போய்வர வடிகட்டியோடு ஒரு சிறு துளை உண்டு. வெளியே ஈரம் என்றால் உள்ளேயும் ஈரம்தான். அந்தத் துளையை டேப் ஒட்டி அடைக்கவும் கூடாது.

மலை மேலிருந்து குளிர்ந்த நிலையில் எடுத்து வந்த டிஸ்க்கில், கீழே வெக்கையான காற்று பட்டதும் நீர்த்துளி படியும். அதனால் கீழே வந்ததும் மாட்ட வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓரிரு நாள் வைத்துவிடுங்கள். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் வேண்டாம். பிறகு ஊசிகளிலோ தட்டையான தொடுமுனைகளிலோ பச்சையாக அல்லது வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு நுனியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். இந்த ஒரு வேலையே பல டிஸ்க்குகளை மறுபடி பேச வைத்திருக்கிறது.

இறங்கி வரும்போது 20 கொண்டை ஊசி வளைவு. டிஸ்க்கைத் துணியில் நன்றாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மேலே லக்கேஜ் தட்டில் வைக்க வேண்டாம்.

கோடை இடியில் கெட்ட பெட்டிகளும் மலையில் உண்டு. மின்னலில் வந்த கூடுதல் மின்னழுத்தம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸோடு நின்றுவிடும். சிலவற்றில் டிஸ்க்கின் பலகை வரை போயிருக்கும். டிஸ்க்கைத் திருப்பி அடிப்பலகையைப் பாருங்கள். கருகிய புள்ளியோ தீய்ந்த வாடையோ இருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது

மேசை மேல் தட்டையாக, ஆடாமல் வையுங்கள். யூஎஸ்பி ஒயரை லேப்டாப்பில் மாட்டும் முன் டிஸ்க்குக்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

மெல்லிய 'உய்ங்' சத்தம் எழும்பி, சில நொடிகளில் ஒரே சீராக அடங்கினால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். படிக்கும் முனை உள்ளே சுற்றும் தட்டின் மேல் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பித் திரும்பி அடிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு நிமிடமும் தட்டு கீறிக்கொண்டே போகலாம். 'பீப்' போல முனகி, சுற்றவே இல்லை என்றால் மோட்டார் சிக்கியிருக்கலாம். லேப்டாப் டிஸ்க்கில் மின்சாரம் போதாமலும் அப்படிச் சத்தம் வரும். வேறு போர்ட்டில் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம், அதோடு சரி.

இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டு யோசனைகள் நிறைய வரும். ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். வைத்தால் உள்ளே நீர் படியும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து கையால் சுற்றிவிடலாம் என்பார்கள். தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர். நம் வீட்டுக் காற்றில் மிதக்கும் ஒரு தூசி அதைவிடப் பல மடங்கு பெரிது. அதே மாடல் டிஸ்க்கின் பலகையை மாற்றினால் போதும் என்பார்கள். மிகப் பழைய டிஸ்க்குகளில் அது பலித்திருக்கிறது. பிற்கால டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்தத் தகவல் பலகையில் ஒரு சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றாமல் வேலை நடக்காது. இவையெல்லாம் தூசியே இல்லாத சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகங்களின் வேலை. சென்னையிலும் பெங்களூருவிலும் அப்படி ஆய்வகங்கள் உண்டு. செலவு கணிசமாக ஆகும். ஆகவே முதலில் வீட்டில் உட்கார்ந்து, அந்த டிஸ்க்கில் உண்மையில் என்ன இருந்தது, அதற்கு இவ்வளவு தரலாமா என்று பேசி முடிவெடுங்கள். அனுப்புவதாக இருந்தால், பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, ஒன்றும் கிடைக்காவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தம் சரியாக இருந்தால் யூஎஸ்பியை மாட்டுங்கள்.

திரையில் வரும் கேள்விகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். மாட்டியதும் விண்டோஸ் சில கேள்விகள் கேட்கும். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று வந்தால் 'கேன்சல்'. 'இனிஷியலைஸ் செய்யவா' என்று வந்தால் 'கேன்சல்'. 'பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று வந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சரிசெய்தல் பழைய டிஸ்க்கில்தான் எழுதும். நோயாளி டிஸ்க்கில் அது ஃபைல்களைச் சிதைத்தும் விடும்.

ஃபார்மேட் கேள்வி வந்தாலே டிஸ்க் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்து இருந்தது. லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததையெல்லாம் ஃபார்மேட் செய்யவா என்று கேட்பது அதன் பழக்கம். அந்த லேப்டாப்பில் பிள்ளைகள் பாஸ் பக்கம் சேமித்த பிராஜெக்ட், படம் எல்லாம் அந்தப் பகுதியில் பத்திரமாக இருக்கும்.

டிரைவ் திறந்ததும் எதையும் எடுக்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் அல்லது சிவப்பு என்றால், 'கரன்ட் பென்டிங் செக்டார்', 'ரீஅலோகேட்டட் செக்டார்' என்ற வரிகளில் எண்ணிக்கை ஏறியிருக்கும். படிக்க முடியாத இடங்கள் உண்டு என்று பொருள். அப்படியானால் சாதாரணமாக நகலெடுக்காமல், கீழே தேய்ந்த டிஸ்க்கைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற கவலை பலருக்கு உண்டு. கவலை வேண்டாம். அந்த பாஸ்வேர்டு அந்த விண்டோஸுக்குள் நுழையத்தான். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது அது குறுக்கே வராது. 'இந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை' என்று வரும். 'கன்டின்யூ' அழுத்தினால் திறந்துவிடும். ஆனால் அப்படி அழுத்தும்போது விண்டோஸ் பழைய டிஸ்க்கில் அனுமதிகளை மாற்றி எழுதுகிறது. நலமான டிஸ்க் என்றால் பரவாயில்லை. சந்தேகமான டிஸ்க் என்றால் உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டித் திறவுங்கள். லினக்ஸ் அந்த அனுமதிகளைக் கேட்பதில்லை. பாஸ் பகுதியையும் படித்துவிடும். 8 ஜிபி பென் டிரைவும் ரூஃபஸ் என்ற மென்பொருளும் இருந்தால் தயாரிப்பது சுலபம். திரையில் 'ட்ரை உபுண்டு' என்பதை மட்டும் அழுத்துங்கள், 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீர்கள்.

பாஸ்வேர்டு உண்மையிலேயே குறுக்கே நிற்கும் இடம் இரண்டு. ஃபைல் பெயர்கள் பச்சை எழுத்தில் தெரிந்தால் அவை விண்டோஸிலேயே பூட்டப்பட்டவை. அந்தப் பழைய கணக்கின் சான்றிதழ் இல்லாமல் திறக்காது. இரண்டாவது, பிற்கால லேப்டாப்புகளில் முழு டிரைவையும் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். அது 48 இலக்கச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்திய லேப்டாப் என்றால் அந்தச் சாவி பெரும்பாலும் அதே கணக்கில் இணையத்தில் சேமித்திருக்கும்.

எதை எடுப்பது

'எனக்குப் படங்கள் மட்டும் போதும்' என்று சொல்லி அதை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு ஞாபகம் வருகிறது, அதற்குள் டிஸ்க் போயிருக்கும். இடம் இருக்கிறது, எனவே முழு டிஸ்க்கையும் அப்படியே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. முடியாவிட்டால் குறைந்தது இவற்றை விடாதீர்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய டிஸ்க் என்றால் சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டர். அதற்குள் வீட்டில் பயன்படுத்திய ஒவ்வொருவர் பெயரிலும் ஒன்று இருக்கும். டெஸ்க்டாப்பில் வைத்ததும், மை டாக்குமென்ட்ஸும், மை பிக்சர்ஸும் அதனுள்தான். விஸ்டா, விண்டோஸ் 7 முதல் அதே இடம் 'யூசர்ஸ்' என்று மாறியது. அந்த டிஸ்க்குகளில் பழைய பெயரும் ஒரு நிழல் போலத் தெரியும், திறக்காது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் சேர்ந்த பழைய மெயில்கள் மறைந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கும். டி டிரைவ், இ டிரைவ் முழுவதையும் எடுங்கள். நம் ஊரில் பலர் விண்டோஸ் கெட்டாலும் தப்பட்டும் என்று படங்களை அங்கேதான் வைத்திருந்தார்கள்.

கடை, கொலுசுப் பட்டறை, தறி, சேகோ ஆலை என்று தொழில் நடந்த கம்ப்யூட்டரில் டேலி இருந்திருக்கும். டேலி ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஒன்று. அதற்குள் எண் பெயரில் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. உள்ளே உள்ள ஃபைல்களைப் பொறுக்காமல் டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள். புதிய டேலியில் திறக்கும் முன் அதற்கும் தனியாக ஒரு நகல் வையுங்கள், ஏனென்றால் புதிய பதிப்பு பழைய கணக்கைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அது தெரிந்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் கணக்கு எழுதியவரை இப்போதே கேட்டுவிடுங்கள்.

நகலெடுக்க டெராகாப்பி போன்ற மென்பொருள் நல்லது. எடுத்ததைச் சரிபார்க்கும், எடுக்க முடியாததைப் பட்டியல் தரும், ஒரு ஃபைல் சிக்கினால் மொத்தமும் நிற்காது. நலமான 80 ஜிபி டிஸ்க் யூஎஸ்பி 2 வேகத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்கும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய என்றால் இன்னும் நீளும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கலாம். டிஸ்க்கின் 12 வோல்ட் அடாப்டருக்கு இல்லை. லேப்டாப் தூங்கிப்போகாதபடி ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். சேலத்து மே மாத வெக்கையில், பெட்டிக்கு வெளியே கிடக்கும் டிஸ்க் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். மேசை விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். நகலில் இருந்து சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். பழைய கல்யாண சிடியின் வீடியோக்களை விஎல்சி என்ற இலவச பிளேயர் திறந்துவிடும்.

தமிழ் எழுத்தில் இருந்தவை

இதைப் பலர் கவனிப்பதே இல்லை; அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவலாகும் முன் தமிழில் தட்டியவை எல்லாம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டில் இருந்தன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. நடுவே நம் வீடுகளில் எழுதிய கடிதம், கவிதை, கோயில் விழா நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, ஆய்வேடு எல்லாம் இந்தப் பழைய குறியீடுகளில்தான் கிடக்கின்றன. புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது கெடவில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக நகலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஃபோல்டரில் எடுக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழர்களுக்கு இது ஒன்று உண்டு. அடுத்து, அந்த வேர்டு ஃபைலைத் திறந்து குப்பையாகத் தெரியும் எழுத்தின் மேல் கர்சரை வைத்தால், எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் மேலே அதன் பெயர் காட்டும். அந்தப் பெயருள்ள எழுத்துருவைப் பழைய ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து நிறுவினால் தமிழ் அப்படியே தெரியும். உடனே ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். பிறகு என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் எழுத்துருவின் குறியீட்டைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை ஒருமுறை படித்துத் திருத்த வேண்டியிருக்கும். கொம்பும் ஒற்றும் சில இடங்களில் தவறும்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்களும் பத்திரிகைகளும் இன்னொரு தொல்லை. அதன் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001இல். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஓரளவு திறக்கும். கோரல்டிரா ஃபைல்களையும் திறக்கும். அமைப்பு கலையாமல் வேண்டுமென்றால், பழைய கம்ப்யூட்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு அச்சகத்தில் கேட்டுப் பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவில் கொண்டுபோக மறக்காதீர்கள்.

தேய்ந்த டிஸ்க், அழிந்த ஃபைல்

படிக்க முடியாத இடங்கள் உள்ள டிஸ்க்கில் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து தேடினால், சிக்கும் இடத்திலேயே மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்று டிஸ்க்கின் மிச்ச ஆயுளும் போய்விடும். இதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி. இது முதலில் எளிதாக வரும் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்பதை ஒரு வரைபட ஃபைலில் குறித்து வைப்பதால், நடுவில் டிஸ்க் சூடானால் நிறுத்திவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். சிஸ்டம் ரெஸ்கியூ என்ற லினக்ஸ் பென் டிரைவில் இது சேர்ந்தே வருகிறது. முழு டிஸ்க்கும் ஒரே பெரிய ஃபைலாக நகலாகும். பிறகு எல்லாத் தேடலும் அந்த நகலில்.

இதில் ஒரே ஆபத்து, எது பழையது, எது புதியது என்பது மாறிப்போவது. மாறினால் காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். மாடல் எண்ணையும் அளவையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். கட்டளை தட்டிப் பழக்கமில்லை என்றால், லினக்ஸ் தெரிந்த ஒரு இன்ஜினியரிங் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளில் ஒருவராவது இருப்பார்.

அழித்த ஃபைலும் ஃபார்மேட் ஆன டிஸ்க்கும் வேறு கதை. அழிக்கும்போது பெயர்ப் பதிவுதான் முதலில் போகிறது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருந்தது இருக்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது, மீட்டதையும் அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் காணாமல் போன பகுதிகளைக் கண்டுபிடிக்கும். அதோடு வரும் ஃபோட்டோரெக், ஃபைலின் தொடக்க அடையாளத்தை வைத்துப் படம் படமாகப் பொறுக்கும். ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போயிருக்கும், எண்கள் மட்டும் வரும். ஆனால் கேமராப் படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிந்திருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தால் எந்த ஆடி, எந்தப் பொங்கல் என்பதுகூடத் தெரிந்துவிடும். எஸ்எஸ்டியில் அழித்தது மட்டும் பெரும்பாலும் திரும்பாது. ட்ரிம் என்ற ஏற்பாட்டால், அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடுகிறது.

எடுத்த பிறகு

இப்போது நகல் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கிறது. அதுவும் ஒரு டிஸ்க்தான், கெடும். இன்னொன்றில் இன்னொரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் ஒன்றைச் சேலத்தில் உறவினர் வீட்டில் வைப்பது நல்லது, ஈரத்திலிருந்தும் தப்பும். டிஸ்க்கின் மேல் யாருடைய கம்ப்யூட்டர், எந்த வருடங்கள் என்று எழுதி ஒட்டுங்கள். பாட்டியின் படத்தையெல்லாம் இரண்டு மூன்று அச்சுப் போட்டுச் சொந்தங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைச் சில மாதங்கள் தூக்கிப் போடாதீர்கள். "அந்த வீடியோ எங்கே" என்று யாராவது கேட்பது அப்போதுதான். அதன் பிறகு எடைக்குப் போடுவதென்றால், ஓடுகிற டிஸ்க்கை விண்டோஸில் 'க்விக்' என்ற குறியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிரைவையும் முழு ஃபார்மேட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் எல்லாம் அப்படிச் செய்தால் முழுவதும் பூஜ்யம் எழுதிவிடும். பான் கார்டு நகல், பாங்க் கணக்கு, பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதில் இருந்தவை, அதனால் க்விக் ஃபார்மேட் போதாது. ஓடாத டிஸ்க் என்றால் உள்ளே உள்ள தட்டையே உடைக்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம், டிரில்லில் இரண்டு மூன்று துளை போட்டால் போதும். லேப்டாப் டிஸ்க்கில் அது பெரும்பாலும் கண்ணாடியாக இருக்கும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் அடியுங்கள்.